அடித்த கை

மூன்று வயதுச் சிறுமி விட்ட அறையில் பிசியோதெரபிஸ்டின் கண்ணாடி பாயைத் தாண்டிப் போய் விழுந்தது.

காலையிலிருந்து அழுகிற பிள்ளைகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தவளுக்கு, இந்த வேலையே வேண்டாம் போலிருந்தது.

"மன்னிச்சிருங்க மேடம்!" தாய் கூனிக்குறுகினாள். "லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற மரபணு நோயாச்சேன்னு செல்லம் குடுத்தோம். அதான் இப்படி. அடிச்ச கையக் காட்டுடி!"

பழக்க தோஷத்தில் மகளின் வலது கையைப் பிடித்து இழுத்தவள் அப்படியே நின்றாள். நன்றாக இயங்கும் அந்தக் கையை, இடது கைக்கு வேலை வரட்டும் என்று பிசியோதெரபிஸ்ட்தான் உறைக்குள் போட்டு இடுப்போடு கட்டியிருந்தாள். கட்டு அவிழவே இல்லை.

பிறந்ததிலிருந்து எழும்பாத இடது கையை இருவரும் பார்த்தார்கள்.

பிசியோதெரபிஸ்ட் குனிந்து மறு கன்னத்தைக் காட்டினாள்.

"இன்னொண்ணு போடு, தங்கம்!"