தானாக இணைவது

இன்று அவன் உட்கார்ந்து தட்டச்சு செய்தான்.

இத்தனை வருடங்களும் நின்றபடிதான்.

வாசலில் அவனுடைய இரண்டு பெட்டிகள். கீழே ஆட்டோ. விவாகரத்துக்கு வழக்கறிஞர் வரச் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை மடிப்பாக்கத்தில், நண்பன் சதாசிவத்தின் அறையில்.

கிளம்பும் முன் இதை மட்டும் முடித்துத் தருகிறேன் என்று அவனேதான் சொன்னான்.

அவளுடைய பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் போட்டுத் தந்தவன் அவன். எப்போது இயக்கினாலும் வைஃபை தானாக வராது. ஒரு வரிக் கட்டளை அடிக்க வேண்டும்.

காலையில் மெய்ப்புத் திருத்த உட்காருவாள். திரை ஒளிர்ந்ததும் குரல் கொடுப்பாள், நெட் வரவில்லை என்று.

வாயில் பிரஷ்ஷுடன் வருவான். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒற்றைக் கையால் அடிப்பான். ஒருமுறை நுரை விசைப்பலகையில் சொட்டியது. அவள் அவன் பனியனை இழுத்துத் துடைத்தாள்.

மூலையில் வைஃபை குறி எழும். பக்கத்தில் அவர்கள் வைத்த பெயர்: மொட்டைமாடி. குடிவந்த புதிதில் போன் சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கும் போன் செய்யாமல்.

ஒருநாள் தானாக இணையும்படி செய்து தருகிறேன் என்பான்.

செய்ததில்லை.

கடைசி வருடத்தில் பேசாமல் வந்தான். பேசாமல் அடித்துவிட்டுப் போனான்.

அப்போதும் அவள் கூப்பிட்டாள்.

இப்போது, கணினி எழும்போதே ஓடும் கோப்பில் அந்தக் கட்டளையை எழுதிக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"நடுவுல கேபிடல் பி விட்டுட்ட. அது இல்லாட்டி அப்படியே நின்னுடும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் விரல்கள் நின்றன.

வரியை மறுபடி படித்தான். விட்டுத்தான் இருந்தான்.

அவன் வெளியூர் போன நாட்களில், நெட் வரவில்லை என்று அவள் ஒருமுறைகூட போன் செய்ததில்லை. அவனுக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அவன் அந்த எழுத்தைச் சேர்க்கவில்லை. கோப்பை மூடினான்.

மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினான்.

செருப்பை மாட்டிக்கொண்டான். பெட்டிகளைத் தூக்கினான்.

"நாளைக்குக் காலைல வந்து போட்டுத் தரேன்" என்றான், படியைப் பார்த்தபடி.

அவள் முகம் கழுவப் போனாள்.

குளியலறைக் குவளையில் அவன் பிரஷ் இருந்தது.

ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும்.

அவள் கூப்பிடவில்லை.