படத்தில் உள்ளோர்

"பேரைப் போட்டா ஒண்ணுமே வரலம்மா. மூணு வருஷமா தட்டிப் பார்க்கறேன்" என்றார் பேருந்து ஓட்டுநர்.

ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் என் கணினி முன்னால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற தோரணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வேண்டியது அம்மாவின் முகம். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அம்மா வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரே ஒரு படம் எடுத்தார்கள் என்று சித்தி சாவதற்கு முன் சொன்னாளாம். கையில் இருந்த துப்பு அவ்வளவுதான்.

எங்கள் ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் நாலரை லட்சம் பழைய படங்கள் இருக்கின்றன.

"படங்களுக்குக் குறிப்பு எழுதினவங்களுக்கு உங்க அம்மாவைத் தெரியாதே சார். கண்ணுல பட்டதைத்தான் எழுதியிருப்பாங்க" என்று சொல்லிப் பெயரை அழித்தேன்.

முதலில் தேடல் வடிகட்டிகள். ஊரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பிறந்த வருடத்தைக் கேட்டு, அந்த வருடம் முதல் என்று வைத்தேன். குடும்பப் படம் தேடி வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் வைப்பேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

"தொலைபேசி" என்று அடித்தேன். அறுநூற்றுச் சொச்சம். எல்லாம் கம்பமும் கம்பியும்.

"நிலையம்" சேர்த்தேன். தொண்ணூற்று மூன்று.

"பெண்கள்" சேர்த்தேன்.

பூஜ்யம்.

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. பெரிய கெட்டிக்காரி மாதிரி பேசியாகிவிட்டதே.

"அம்மா எந்த வருஷம் வரைக்கும் அங்க வேலை பார்த்தாங்க?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஜனவரியில பொறந்தேன். அன்னைக்கே அவங்க போயிட்டாங்கம்மா."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்காமலே நான் போட்ட கணக்கு அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

வடிகட்டியை ஒரே ஒரு வருடம் பின்னால் நகர்த்தினேன்.

முடிவுகள்: 1.

நாலரை லட்சத்தில் ஒன்று. தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொடுக்கினேன்.

படம் மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. ஒரு நீளமான தொலைபேசி இணைப்புப் பலகை. அதன் முன் வரிசையாக ஏழு பெண்கள். அடியில் தேதி: டிசம்பர் 19.

யார் உங்கள் அம்மா என்று நான் கேட்கவில்லை. வலப்பக்கம் மூன்றாவதாக நின்றவள், நிறைமாத வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார். தொடவில்லை.

"என் பொண்ணை விடச் சின்னவளா இருக்காளேம்மா."

அடுத்து வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படத்தில் இருப்பவரை அடையாளம் தெரிந்தவர்கள் திருத்தம் அனுப்ப ஒரு படிவம் உண்டு. அதை அவரையே நிரப்பச் சொன்னேன். இனிமேல் பெயரைப் போட்டாலும் இந்தப் படம் வரும் அல்லவா?

ஒற்றை விரலால் தட்டினார். அம்மாவின் பெயர். உறவு: மகன். நிற்கும் இடம்: வலமிருந்து மூன்றாவது.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் கீழே இன்னொரு கட்டத்துக்குப் போனார்.

படத்தில் உள்ளோர் எண்ணிக்கை: 7.

அதை அழித்தார். 8 என்று தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

வருகிற திருத்தங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது என் வேலை. படத்தை இன்னொரு முறை நிதானமாக எண்ணினேன்.

எட்டுப் பேர்தான்.