தங்கை மாட்டிவிட்ட காப்பு

பல வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி வருபவள் வில்மா. அம்மாவின் மணிக்கட்டில் கிடப்பதோ, மில்வாக்கியிலிருந்து எப்போதாவது வந்துபோகும் காரின் என்ற தங்கை மாட்டிவிட்ட வெள்ளிக் காப்பு.

"குளிக்கும்போதாவது அதைக் கழட்டேம்மா."

"இருக்கட்டும்டி." அம்மா மறு கையால் காப்பை மூடிக்கொள்வாள்.

"நான் பின்னின ஸ்வெட்டர்னா மட்டும் உடனே அரிக்குது உனக்கு."

அம்மா சிரித்து மழுப்புவாள். வில்மாவுக்கு வயிறு எரியும். அந்தக் காப்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று ஒரு வீம்பு.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது அம்மா சரிந்து விழுந்தாள். வில்மா கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சை அழுத்த மண்டியிட்ட ஊழியர், காப்பில் பொறித்திருந்ததைப் படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"மன்னிச்சுக்கங்க மேடம். இதயம் நின்னா மறுபடி துடிக்க வைக்க வேண்டாம்னு டாக்டர் ஒப்புதலோட போட்டுக்கிற காப்பு இது. இவங்க விருப்பத்தை நாங்க மீறக் கூடாது."

அவர் அம்மாவின் கவுனைச் சரிசெய்து, தன் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்தார்.

வில்மா போனில் காரினிடம் சீறினாள். "எங்கிட்ட ஏன்டி மறைச்சே?"

"அம்மாதான் மறைக்கச் சொன்னா. 'என்னை உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கிறவகிட்ட, என்னைப் போக விடுன்னு எப்படிக் கேட்பேன்? இந்தப் பாரத்தை நீ சுமந்துக்கோ'ன்னா." காரின் விம்மினாள். "என் கையாலயே மாட்டினேன், வில்மா. அன்னைலேர்ந்து எனக்குச் சரியான தூக்கமில்ல."

வில்மாவின் குரல் தணிந்தது.

"அழுதுட்டே கார் ஓட்டாதே. நிதானமா வா. நீ வர்ற வரைக்கும் அம்மாவை எங்கேயும் எடுத்துட்டுப் போக விடமாட்டேன்."