வில்லியம் கண்டுபிடித்த டங்ஸ்டன்

பொன்னாடைக்குள் தேவகுமார் சாருக்கு வியர்த்து ஊற்றியது. உதியன்குளங்கரையில் நடந்த வினாடி வினாவுக்கு அவர்தான் நடுவர். முப்பது வருடம் ஊருக்கே வேதியியல் கற்பித்தவருக்கு ஊர் கொடுத்த நாற்காலி.

கடைசிக் கேள்வி, டங்ஸ்டனுக்குக் குறியீடு ஏன் டபிள்யூ?

“வில்லியம்னு ஒரு வெள்ளக்கார சாயிப்பு கண்டுபிடிச்சதாக்கும்,” என்றாள் சோனா. அரங்கமே கைதட்டியது.

“இல்ல, அதுக்கு வுல்ஃப்ரம்னு இன்னொரு பேரு உண்டு,” என்றான் லிபின். அரங்கம் சிரித்தது. லிபினுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாரே, நீங்க சொல்லுங்க,” என்று நிகழ்ச்சியை நடத்திய அபிலாஷ் மைக்கை நீட்டினான்.

இன்றோடு மானம் போயிற்று. சார் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“கோப்பை லிபினுக்காக்கும். பண்டு ஒருநாள் கிளாஸ்ல ஒருத்தி கேட்டப்போ எனக்குத் தெரியல்ல மக்கா. வாயில வந்த வில்லியத்த எடுத்து விட்டேன். நீங்க எல்லாரும் அதையே பிள்ளைகளுக்கும் படிப்பிச்சிட்டிய.”

முன்வரிசையில் அவருடைய பழைய மாணவி புஷ்பபாய் டீச்சர் கண்ணைத் துடைத்தாள்.

“பாவம், எப்பேர்ப்பட்ட சாரு! வயசாகி ஓர்மையெல்லாம் போயிட்டே.”

கோப்பையைச் சோனாவிடம் கொடுத்துவிட்டு, சாரைக் கைத்தாங்கலாக மேடையிலிருந்து இறக்கினார்கள்.