இத்தாலி ரொட்டி வெந்த வீடு

சின்னசேலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அறிவுச்செல்வன், வாசற்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டான்.

“உள்ள வாங்க. ஏன் நின்னுகினு இருக்கீங்க?” என்றாள் மனைவி நிர்மலா.

“இன்னா வாடை இது?”



“மாவுங்க. இத்தாலிக்காரங்க சுடுற ரொட்டி. நீங்க வர்றீங்கன்னு, செய்முறைய போன்ல பார்த்து, புளிக்கறதுக்கு ஈஸ்ட் போட்டு நேத்தே பெசஞ்சி வச்சேன்.”

“பொய் சொல்லாத. மலையிலருந்து யாருனா சாராயம் கொண்டாந்து வச்சாங்களா?”

அவள் பதறிப்போய் பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தாள். மாவு உப்பி, நுரைத்து நின்றது. அவன் தெருவரைக்கும் பின்வாங்கினான்.

“கொட்டிடு.”

“மாவுதாங்க, பாருங்க. என்னைப் போயி சந்தேகப்படுறீங்களா?”

“உன்ன இல்ல, நிர்மலா.” அவன் பாத்திரத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். “மாவுன்னு தெரியுது. ஆனா அந்தப் புளிச்ச வாடைக்கு எனக்கு எச்சி ஊறுது. மறுவாழ்வு மையத்துல அத்தனை நாள் இருந்து, குடிய வுட்டுட்டேன்னு நம்பி வந்தேன். இப்ப வூட்டுக்குள்ள வரவே பயமா இருக்குது.”

நிர்மலா மாவை ஓவனில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து, தெருவோரமாக அவனை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வெந்துட்டா அந்த வாடை போயிடும். அதுவரைக்கும் இங்கயே இருப்போம்.”

அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து, ரொட்டி வெந்த மணம் தெருவுக்கு வந்தது.

“இப்ப போலாமா?” என்றாள்.

“இன்னும் கொஞ்ச நேரம்” என்றான்.