கையெழுத்து போட வேண்டிய இடம்

ஆறு வருடங்களாக அலுவலகத்தில் எல்லோருடைய மின்னஞ்சலையும் ரகசியமாகப் படித்துவந்தவள் தமயந்தி. அது முதலாளிக்கு மட்டுமே தெரியும்.

அவளை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கும் கம்பெனி வக்கீல், ஒரு மெயிலின் பிரதியையும் அதற்கான சான்றிதழையும் அவள் முன்னால் நகர்த்தினார். "செல்வின் போட்ட கேஸ்ல, இந்த மெயிலை எடுத்தவங்க கையெழுத்து இல்லேன்னா கோர்ட் ஏத்துக்காதும்மா. அவருக்கும் ஒரு காப்பி போயிடும்."

"என் பேர் வராம செய்ய முடியாதா சார்?"

"முடியாதும்மா."

சங்கம் தொடங்கலாம் என்று வேறு கிளை நண்பனுக்கு எழுதிய அந்த மெயிலால்தான் செல்வினின் வேலை போயிருந்தது. போன மாதம்வரை அவளுக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது. மத்தியானம் நெத்திலி வறுவலை அவளுடைய டப்பா மூடியில் வைத்துவிட்டுத்தான் தன் சோற்றில் கைவைப்பான். மெயிலின் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம்: 'முதல்ல தமயந்தி அக்காகிட்ட சொல்றேன். அவங்களை நம்பலாம்.'

வக்கீலின் விரலும் அந்த வரியில் வந்து நின்றது.

"யாரும்மா இந்தத் தமயந்தி? இன்னும் இங்கதான் வேலை பாக்குறாங்களா?"

அவள் பேனா மூடியைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றபடி அவர் சான்றிதழின் வெற்றுக் கோட்டைத் தட்டிக் காட்டினார். "முதல்ல உங்க பேரை எழுதுங்க."