ஊசிக்கு முன்னால்

“ஊசி புள்ள மேல பட்டுருச்சுன்னா என்னக்கா பண்றது?”

பர்வீன் கேட்டது பக்கத்து நாற்காலிக்காரியிடம். இருவரும் அறிமுகமாகிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. விருதுநகரில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். கர்ப்பிணிகளின் வயிற்றில் ஊசி இறக்கிப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கிறவர். ‘முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, பார்த்துவிடுவது நல்லது’ என்று பர்வீனுக்கும் சொல்லியிருந்தார்.

“அதெப்படித் தாயி படும்? ஸ்கேன்ல புள்ள எங்கன கெடக்குன்னு பாத்துக்கிட்டே, அது இல்லாத பக்கமா ஊசிய எறக்குவாக. கொஞ்சூண்டு தண்ணி எடுப்பாக. அம்புட்டுத்தேன்!”

அவள் பெயர் பாலம்மாள். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி சீசனிலும் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். அம்மாடி, என்ன குரல்! ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கணீரென்று பேசினாள்.

“வெறுந் தண்ணிய வச்சு என்னத்தக் கண்டுபிடிப்பாக?”

“வெறுந் தண்ணியா? புள்ள ஒடம்புல இருந்து உதுர்ற செல்லு அதுல மெதக்குதுல்ல! அதை வளத்துப் பாத்து, மூளை வளர்ச்சில கொறை வருமா, வேற கோளாறு இருக்குமான்னு சொல்லுவாக. ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆணா பொண்ணான்னு மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாத. சட்டப்படி குத்தம். டாக்டரம்மா கடிச்சுக் கொதறிருவாக.”

பர்வீன் களுக்கென்று சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண் கலங்கிவிட்டது.

“பதினோரு வருசங் கழிச்சு உண்டானதுக்கா. எப்பவாவது ஒருத்தருக்குக் கலைஞ்சும் போகலாம்னு அவுகளே சொல்றாக. அல்லாவே, அந்த ஒருத்தி நானா இருந்துட்டா? பேசாம எந்திரிச்சுப் போயிரலாமான்னு இருக்கு.”

பாலம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்னா வேணாம்னு சொல்லு, யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா தெரிஞ்சுக்கணும்னு நீயா முடிவெடுத்துத்தானே வந்த? பெறகு பயந்து ஓடுனா நல்லாவா இருக்கு?”

“நீங்க இதெல்லாம் நெறையப் பாத்திருக்கீகளோ?”

“வாரா வாரம் இங்கனதானே கெடக்கேன்!”

அந்த ஒரு சொல்லில் பர்வீனுக்குப் பாதி பயம் போய்விட்டது. நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். வாசலில் டீ கிளாசோடு நின்ற அவள் கணவன் சுஃபியானின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“பாய், நீங்க மொதல்ல உக்காருங்க! உங்களத் தூக்குறதுக்கு இங்கன ஆள் கெடையாது” என்றாள் பாலம்மாள்.

சிறிது நேரம் கழித்துப் பர்வீன் நடந்தே வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு. பாலம்மாள் பாய்ந்து வந்து அவளை மறித்தாள்.

“வலிச்சுச்சா? தலை கிலை சுத்துதா? புள்ள நல்லா இருக்கா?”

“நீங்க சொன்னாப்புலயேதான்க்கா. சுருக்குன்னுச்சு, அம்புட்டுத்தான். முடிஞ்சதும் புள்ளையோட நெஞ்சு துடிக்கிறதை ஸ்கேன்ல காட்டுனாக. எம்புட்டு வேகமாத் துடிக்குது தெரியுமா! இன்னைக்கு ஒரு நாள் படுத்து எந்திரிச்சாப் போதுமாம்.” பர்வீன் அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லேன்னா நான் ஓடியே போயிருப்பேன்.”

உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள்.

“பாலம்மா! இன்னைக்காவது உள்ள வாரீகளா, இல்ல போன ரெண்டு வாரம் மாதிரி பாதியிலயே செருப்ப விட்டுட்டு ஓடப் போறீகளா?”

பர்வீன் வாயைப் பிளந்தாள்.

“அக்கா! அப்ப நீங்க இன்னும் ஊசியே போட்டுக்கலையா?”

பாலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தாள்.

“கோவிச்சுக்காத தாயி. எங்க கம்பெனியில சாம்பிளுக்கு ஒண்ணைக் கொளுத்திப் பாக்காம லோடு ஏத்த மாட்டோம்!”